மட்சுஷிமா போனால் படகை விட்டாலும் மலையை விடாதீர்கள்

எனக்கு மஸ்கெலியா டவுனில் ஒரு சின்னக் கடை. ரீலோட், போட்டோகொப்பி, சீசன் காலத்தில் சிவனொளிபாதமலை ஏறுகிறவர்களுக்குக் கம்பளிக் குல்லாவும் டோர்ச்சும். டிசம்பர் போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, சீசன் திறந்தால் மே மாதம் வரை நான் எங்கேயும் நகர முடியாது. அதனால் ஜப்பானில் செண்டாய் நகரத்தில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் தங்கச்சி, "அண்ணே, ஒரு தடவையாவது வந்து பாத்துட்டுப் போங்க" என்று டிக்கெட்டுக்குப் பாதிக் காசும் போட்டு அழைத்தபோது, நவம்பர் என்றால் வருகிறேன் என்றேன். அது 2023 நவம்பர்.

திரும்பி வந்ததிலிருந்து கடைக்கு வருகிற ஆட்கள் ஜப்பானில் எது பார்க்க நல்ல இடம் என்று கேட்கிறார்கள். டோக்கியோவை நான் ரயில் ஜன்னலில்தான் பார்த்தேன், அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. மட்சுஷிமாக் குடாவில் ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறேன். அதைப் பற்றிச் சொல்லலாம்.

நான் சொல்லும் விலையெல்லாம் அப்போது இருந்தவை. ஒரு யென்னுக்கு இரண்டு ரூபாய், அதற்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மனதுக்குள் வேறு கணக்கு வைத்திருந்தேன். அப்போது தேயிலைத் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, ஆயிரம் ரூபாய். எந்த டிக்கெட்டை நீட்டினாலும் அது எத்தனை பேர் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. கொழுந்து எடுத்த அம்மாவின் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் போகாது.

முதலில் கோச்சி. செண்டாயிலிருந்து செண்செக்கி லைனில் 40 நிமிடம், 420 யென். இறங்க வேண்டிய ஸ்டேஷன் 'மட்சுஷிமா கைகன்', அதாவது மட்சுஷிமாக் கடற்கரை. வெறும் 'மட்சுஷிமா' என்று இன்னொரு லைனில் இன்னொரு ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இறங்கினால் குடாவுக்கு நல்ல நடை. ஷியோகாமா தாண்டியதும் கோச்சி கடலை ஒட்டி ஓடும், வலது பக்கம் உட்காருங்கள். தங்கச்சி இதைச் சொல்லியும் நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். அங்கே ஹீட்டர் சூடாக இருந்தது.

இந்தக் குடாவில் 260 சொச்சம் தீவுகள். சிலது ஒரு வீட்டு முற்றம் அளவுகூட இல்லை. வெள்ளைச் சாம்பல் நிறப் பாறை, அலை அரித்து அடியில் குடைந்த இடுப்பு, தலையில் பைன் மரங்கள். 1643இல் ஹயாஷி கஹோ என்ற அறிஞர் ஜப்பானின் மூன்று பேரழகுக் காட்சிகள் என்று எழுதி வைத்ததில் இது ஒன்று. மற்ற இரண்டும் மியாஜிமாவும் அமனோஹஷிதாதேயும். அன்றிலிருந்து கூட்டம்தான்.

வருகிற எல்லோரும் முதலில் படகில் ஏறுகிறார்கள். நாங்களும் ஏறினோம். குடாவை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவர 50 நிமிடம், ஆளுக்கு 1500 யென். என் கணக்கில் மூன்று பேருக்கும் மேலே. கீழ்த்தட்டில் இருக்கை கிடைத்தது. வெளியே எட்டு டிகிரி, உள்ளே நூறு பேர் மூச்சு, கண்ணாடி முழுக்க ஆவி. நம் டிக்கோயா பஸ்ஸில் மழைக் காலத்தில் போவது போலவே இருந்தது, வெளியே தீவு என்பது மட்டும்தான் வித்தியாசம். ஒலிபெருக்கி ஜப்பானிய மொழியில் நிற்காமல் பேசியது. இது மணித் தீவு, நாலு துளை இருக்கிறது, அலை உள்ளே மோதினால் மணிச் சத்தம் கேட்கும். அது நியோஜிமா, கோயில் வாசலில் நிற்கும் காவல் தெய்வம் உட்கார்ந்திருப்பது போல் இருக்கும், பாருங்கள் என்று தங்கச்சி மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் தீவு பின்னால் போய்விடும்.

1689இல் கவிஞர் பாஷோ இங்கே வந்தார். 'மட்சுஷிமா, ஆ, மட்சுஷிமா' என்று ஒரு பாட்டை அவர் தலையில் கட்டி விற்கிறார்கள், அது அவருடையது இல்லை. தன் பயணக் குறிப்பில் இந்த இடத்துக்கு அவர் சொந்தமாக ஒரு பாட்டும் வைக்கவில்லை. பாஷோவே பேசாமல் போன இடத்தில் இந்த ஒலிபெருக்கி ஐம்பது நிமிடம் பேசியது.

முன்பு படகிலிருந்து கடற்பறவைகளுக்குத் தீனி போடுவார்களாம். எச்சம் விழுந்து பைன் மரங்கள் பட்டுப்போகின்றன என்று 2014இல் அதை நிறுத்திவிட்டார்கள். பறவைகளுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை போலும், கொஞ்ச தூரம் எங்கள் பின்னாலேயே வந்தன. படகுக்கு ஐந்துக்கு இரண்டு கொடுக்கலாம். நடக்க முடியாத வயதானவர்களைக் கூட்டிப் போனால் மட்டும் மூன்று.

படகுத் துறைக்குப் பக்கத்திலேயே கொதைதோ. சின்னத் தீவின் மேல் சின்னக் கோயில், டிக்கெட் கிடையாது. 807இல் முதலில் கட்டியதாகச் சொல்கிறார்கள். இப்போது நிற்பது 1604இல் செண்டாய்ப் பிரபு டாதே மசமுனே கட்டியது. ஒற்றைக் கண்ணர், இந்த ஊரில் திரும்பிய இடமெல்லாம் அவர் பெயர்தான். கூரைக்குக் கீழே பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு ராசி விலங்குகளைச் செதுக்கியிருக்கிறார்கள். நான் சுற்றி வந்து எலியைக் கண்டுபிடித்துவிட்டேன். உள்ளே இருக்கும் சிலைகளை 33 வருடத்துக்கு ஒரு முறைதான் திறந்து காட்டுவார்கள். கடைசியாக 2006, இனி 2039. கோயிலுக்குப் போகும் பாலத்தில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, கீழே கடல் தெரிகிற மாதிரி செய்திருக்கிறார்கள். சாமியிடம் போகிறவன் கவனமாகக் காலெடுத்து வைக்கட்டும் என்று. எங்கள் தோட்ட டிவிஷனுக்குப் போகிற பாலத்திலும் பலகைக்கு நடுவே ஓடை தெரியும். அது பக்திக்காக இல்லை.

ஸுய்கன்ஜி பெரிய கோயில். 828இல் தொடங்கியது, மசமுனே 1604இலிருந்து ஐந்து வருடம் எடுத்துப் புதிதாகக் கட்டி முடித்தார். பெரிய மண்டபமும் சமையல் கட்டிடமும் தேசியப் பொக்கிஷங்கள். 700 யென், ஒன்றரைப் பேர். செருப்பைக் கழற்றி உள்ளே போனால் தங்கத் தகடு பூசிய கதவுகளில் மயில்கள். இப்போது பார்ப்பது நகல்கள், ஆனாலும் வேலைப்பாடு அப்படி. போட்டோ எடுக்க விட மாட்டார்கள். நவம்பரில் அந்த மரத்தளத்தில் மெல்லிய காலுறையோடு நிற்பது நுவரெலியாவில் விடியக் காலை சீமெந்துத் தரையில் நிற்பது மாதிரி. தடித்த காலுறை கொண்டுபோங்கள், இது அலங்காரத்துக்குச் சொல்வதில்லை.

எனக்குக் கோயிலை விட அதற்குப் போகிற பாதைதான் மனதில் நிற்கிறது. இரண்டு பக்கமும் சீடர் மரங்கள், ஒரு பக்கம் பாறையைக் குடைந்த குகைகள், இறந்துபோனவர்களுக்காகச் செதுக்கியவை. பாதையின் கடல் பக்கத்தில் மரங்கள் குறைவு, வானம் வெட்டவெளியாகத் தெரிகிறது. ஏன் என்று தங்கச்சியைக் கேட்டேன். 2011 மார்ச் 11ஆம் திகதி சுனாமித் தண்ணீர் இந்தப் பாதையில் ஏறி வந்திருக்கிறது. கோயில் தப்பியது, ஊர் மக்களும் சுற்றுலா வந்தவர்களும் அங்கேதான் தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஆனால் உப்பு வேரில் இறங்கி, சீடர்கள் நின்ற நிலையிலேயே காய்ந்துபோக, வெட்ட வேண்டியதாயிற்று. குடாவில் நிற்கும் தீவுகள் அலையை உடைத்ததால் இந்த ஊருக்குச் சேதம் குறைவு. பக்கத்தில் ஹிகஷி மட்சுஷிமாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். தங்கச்சி பார்த்துக்கொள்ளும் பாட்டிமார்களில் ஒருவர் அந்த ஊர். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வாசல் என்ட்சூயின். மசமுனேயின் பேரன் மிட்சுமுனே பத்தொன்பது வயதில் இறந்துபோனார், அவருக்காக 1647இல் கட்டியது. உள்ளே இருக்கிற சமாதி மாடத்தில் ரோஜாப் பூவும், சீட்டுக்கட்டில் வருகிற ஆட்டின், இஸ்பேட், டயமன், கிளாவர் வடிவங்களும் வரைந்திருக்கிறார்கள். மசமுனே ஐரோப்பாவுக்கு அனுப்பிய ஹசெகுரா என்ற தூதர் கொண்டுவந்த சங்கதிகள் அவை. கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் இதை வெளியே காட்ட முடியுமா? நூற்றாண்டுக் கணக்கில் பூட்டியே வைத்திருந்தார்கள். தோட்டத்தில் மேப்பிள் இலை அப்போதுதான் சிவந்து நின்றது. இரவில் விளக்குப் போட்டுக் காட்டுவதற்குத் தனி டிக்கெட். அது எங்களுக்கு வேண்டாம் என்று பகலிலேயே பார்த்துக்கொண்டோம்.

சாப்பாடு. மட்சுஷிமா என்றால் சிப்பி, குளிர் காலம்தான் அதற்குச் சீசன். தெருவோரக் கடையில் ஓட்டோடு அடுப்பில் வைத்துச் சுட்டுக் கொடுத்தார்கள். மலைநாட்டுக்காரனுக்குக் கடல் சாமான் என்றால் கருவாடும் டின் மீனும்தான். இது வாயில் வைத்ததும் வழுக்கிப் போகிறது, கடல் தண்ணியைக் குடித்த மாதிரி ஒரு உப்பு. முதல் சிப்பி பயத்தில் போனது. இரண்டாவதற்கு முன் தங்கச்சி கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். மிளகாய் இடித்துச் செய்த கட்டச்சம்பல். மூன்று வருடமாக ஜப்பானில் இருக்கிறாள், அந்தப் போத்தல் இல்லாமல் வெளியே இறங்குவதில்லையாம். கடைக்காரர் எட்டிப் பார்த்து, விரல் நுனியில் தொட்டு நக்கி, இருமி, பிறகு சிரித்தார். சம்பலோடு இரண்டாவது சிப்பி நன்றாக இருந்தது என்று நேர்மையாகச் சொல்கிறேன். மூங்கில் இலை வடிவத்தில் மீனை அரைத்துச் செய்த 'சச கமாபோகோ'வைக் குச்சியில் குத்தி நாமே சுட்டுச் சாப்பிடலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பச்சை சோயாப் பயறை அரைத்து அரிசி உருண்டை மேல் பூசிய 'சுண்டா மோச்சி' மட்டும் எனக்கு இறங்கவில்லை. நிறத்தைப் பார்த்து மல்லிச் சட்னி என்று நினைத்து வாயில் வைத்தேன், இனித்தது.

ஆனால் மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடையில் 'மீன் இல்லாத சூப்' என்று கேட்டு வாங்கியதில் மீன் வாசனைதான் வந்தது. எங்கள் கூட வந்த தங்கச்சியின் சிநேகிதி மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவள், பாவம், வெறும் சோற்றோடு எழுந்தாள். அங்கே எந்தக் குழம்புக்கும் அடியில் மீன் சாறு இருக்கும். விரதக்காரர்கள் சோற்றுருண்டை கட்டிக்கொண்டு போவதுதான் புத்தி.

இனி எனக்குப் பிடித்தவை.

ஃபுக்குவுரா தீவு. 252 மீட்டர் நீளச் சிவப்புப் பாலம், நடந்து போக 200 யென், அரைப்பேருக்கும் குறைவு. படகில் கண்ணாடி வழியாகத் தேடியதெல்லாம் இங்கே காலடியில் கிடைத்தது. தீவு முழுக்க மரம், காட்டுப் பாதை, ஆங்காங்கே ஒரு பெஞ்சு. பைன் ஊசி இலை மெத்தை மாதிரி விழுந்து கிடக்கிறது. ஒலிபெருக்கி இல்லை. பாறை ஓரமாக இறங்கி உட்கார்ந்தால் எதிரே மூன்று தீவுகள், நடுவே சிப்பி வளர்க்கிற மூங்கில் மிதவைகள். ஒரு மணி நேரம் இருந்தோம், வழியில் எதிர்ப்பட்டவர்கள் எட்டுப் பேர் இருக்கும். ஐந்துக்கு ஐந்து.

அப்புறம் கன்ரன்தே. கடலைப் பார்த்தபடி ஒரு பழைய தேநீர் மாளிகை. ஜப்பானை ஆண்ட தொயோதோமி ஹிதேயோஷியின் ஃபுஷிமி கோட்டையில் இருந்து மசமுனேக்குக் கிடைத்து, பிறகு இங்கே கொண்டுவந்து வைத்தார்களாம். பெயருக்கே அலையைப் பார்க்கிற இடம் என்றுதான் அர்த்தம். 200 யென் கொடுத்து உள்ளே போய், தனியாகக் காசு கட்டினால் மாச்சா என்கிற பச்சைத் தேயிலைத் தூள் டீயும் ஒரு இனிப்பும் தருவார்கள். பாயில் உட்கார வேண்டும்.

தேயிலை மலையில் பிறந்தவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் கொழுந்து ஃபெக்டரிக்குப் போனதும் வாட்டுவார்கள், உருட்டுவார்கள், பழுக்க விடுவார்கள், சூட்டில் காய வைப்பார்கள், பிறகு சலித்துத் தரம் பிரிப்பார்கள். சல்லடையில் கடைசியாக விழுவது டஸ்ட். மாச்சாவுக்குக் கொழுந்து எடுப்பதற்குச் சில வாரங்கள் முன்பே செடிக்கு மேல் நிழல் கட்டுகிறார்கள். பறித்ததும் ஆவியில் அவித்துவிடுகிறார்கள், பழுக்கவே விடுவதில்லை. காய்ந்த இலையில் நரம்பையும் காம்பையும் நீக்கிக் கல்லில் அரைக்கிறார்கள். சாயத்தை இறுத்துக் குடித்துச் சக்கையைக் கொட்டுகிற கதை இல்லை, இலையையே குடிக்கிறோம். அங்கே தூள்தான் ராஜா. நம் ஊரில் தூள் என்றால் கடைசிச் சாமான், தேயிலை எடுத்தவர்களுக்கு லயத்தில் கிடைத்ததும் அதுதான்.

கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்துக் குடித்தேன். பச்சைக் கசப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு மெல்லிய இனிப்பு. கொழுந்து எடுத்துவிட்டு வந்து அம்மா என்னைத் தூக்குகிறபோது அவர் கையில் இருக்கும் வாசனை. டீக்கடையில் இந்த வாசனை எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. பக்கத்தில் தங்கச்சி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கும் ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

மூன்று மணி தாண்டியதும் மலை. நவம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், நேரத்தைக் கவனியுங்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் மேலே ஏறினால் இருபது நிமிடத்தில் ஒரு பூங்கா, பெயர் 'சைக்யோ மொதோஷி நோ மட்சு'. சைக்யோவைத் திருப்பியனுப்பிய பைன் மரம் என்று பொருள். சைக்யோ பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவித்துறவி. மட்சுஷிமாவைப் பார்க்க வந்தவர், இந்த மரத்தடியில் ஒரு சிறுவனோடு வாதாடித் தோற்று, வெட்கப்பட்டு, குடாவுக்கு இறங்காமலேயே திரும்பிப் போனாராம். தங்கச்சி இதைச் சொன்னதும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா? ஔவைக்கு நாவல் மரம், இவருக்குப் பைன் மரம். ஆடு மேய்க்கிற பயல் முருகனாக மாறிக் காட்சி கொடுத்ததால் நம் கிழவி தப்பித்தார், சைக்யோவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை. வசந்த காலத்தில் செர்ரி பூக்கும்போது கூட்டம் இருக்குமாம். அன்று ஒரு வயதான தம்பதி மட்டும் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கீழே குடா முழுக்கத் தெரிந்தது. பக்கத்தில் பார்த்தபோது தீவு தீவாக, பாறை பாறையாக இருந்தது. இங்கிருந்து பார்த்தால் அவை தீவுகளே இல்லை, மலைகள். நான் கவித்துவமாகச் சொல்லவில்லை, நடந்ததே அதுதான். மட்சுஷிமாவின் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, நிலம் தாழ்ந்து, கடல் ஏறி, பள்ளத்தாக்குகளில் தண்ணீர் புகுந்துவிட்டது. உச்சிகள் மட்டும் வெளியே நிற்கின்றன. எந்த உச்சிக்கும் எந்த உச்சிக்கும் நடுவே கணவாய் இருந்திருக்கும், எந்தப் பக்கம் சரிவு என்று மலையில் வளர்ந்த கண்ணுக்குத் தெரிகிறது. படகில் இருந்த நூறு பேருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, எனக்கும் தெரியவில்லை.

வெயில் சாயும் நேரம் தங்கச்சி வாட்ஸ்அப்பில் அம்மாவைக் கூப்பிட்டாள். நமக்கு அப்போது மத்தியானம் பன்னிரண்டரை. சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாவுக்குக் கேமராவைத் திருப்பிக் காட்டினோம். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"என்னா பாப்பா, டேம் தானே இது? தண்ணி ரொம்பி நிக்குது. எப்ப ஊருக்கு வந்தீங்க?"

"இல்லம்மா, ஜப்பான். கடல்."

"அப்ப அடியில என்னா முங்கிக் கெடக்கு?"

1960களின் கடைசியில் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. அம்மாவுக்கு அப்போது பத்து வயது. கடும் கோடையில் தண்ணீர் வற்றும்போது பழைய கோயில் சேற்றிலிருந்து எழும்பி நிற்கும், சனம் போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு வரும். மலை நடுவே தண்ணீர் நின்றால் அடியில் ஏதாவது ஒரு ஊர் இருக்கும் என்பது அவர் கணக்கு. "ஒன்னும் இல்லம்மா, பள்ளத்தாக்குத்தான்" என்றேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

இந்த மலைக்கு ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், காசே வாங்காத இடத்துக்கு என்ன மதிப்பெண் போடுவது. நேரம் ஒரு நாள்தான் என்றால் காலையில் ஃபுக்குவுரா தீவு, பிறகு ஸுய்கன்ஜி பாதை, கன்ரன்தேயில் ஒரு கிண்ணம், மூன்று மணிக்கு மலை. படகுக் காசை மிச்சம் பிடித்துச் சிப்பி சாப்பிடுங்கள். இறங்கும்போது பாதையில் விளக்குக் குறைவு, போன் வெளிச்சத்தில்தான் வந்தோம். குல்லாவும் டோர்ச்சும் விற்கிறவன் இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

செண்டாய் ஸ்டேஷன் கடையில் ஒரு சின்ன டின் மாச்சா வாங்கி வந்தேன். விலை சொன்னால் அம்மா ஏசுவார் என்று சொல்லவில்லை. ஊருக்கு வந்த மறுநாள் கலக்கிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார், கிண்ணத்தை முகர்ந்து பார்த்தார்.

"இத வாட்டவே இல்லையே தம்பி" என்றார்.

அப்புறம் டின்பாலும் இரண்டு கரண்டி சீனியும் போட்டுக் குடித்து முடித்தார். டின் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது, கடைத் தட்டில் ரீலோட் கார்டுகளுக்குப் பக்கத்தில். யாராவது வந்தால் மூடியைத் திறந்து முகரக் கொடுக்கிறேன்.